குழாய்த் தண்ணீரில் தீப்பிடிக்குமா? ஷேல் எரிவாயுவும் வீட்டுக் கிணறும்

உங்கள் கேள்வி இதுதான்: தம்பி குடும்பம் பென்சில்வேனியாவில் வீடு வாங்கப் போகிறது, நகராட்சித் தண்ணீர் கிடையாது, வீட்டு போர்வெல்தான், அரை கிலோமீட்டர் தூரத்தில் ஷேல் கேஸ் கிணறு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலறைக் குழாயில் தீக்குச்சியைக் காட்டினால் குபீரென்று எரிகிற வீடியோவைப் பார்த்துப் பயந்துபோய், "ஃபிராக்கிங் நிலத்தடி நீரைக் கெடுக்குமா கெடுக்காதா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆழத்தில் பாறையை உடைக்கிற அந்த வேலை தண்ணீரைக் கெடுக்கிறதா என்பது ஒன்று. அந்தத் தொழில் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் தண்ணீரும் காற்றும் உடம்பும் கெடுமா என்பது இன்னொன்று. முதலாவதுக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில். இரண்டாவதுக்கு, "ஆமாம், பல வழிகளில் கெட்டிருக்கிறது". இத்தனை வருடச் சண்டையில் ஒரு தரப்பு முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறது, இன்னொரு தரப்பு இரண்டாவதன் பதிலை எடுத்து முதலாவதன் மேல் ஒட்டுகிறது. நான் படித்தது நிலத்தடி நீர் வேதியியல். அந்த மாநிலத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் வீட்டுக் கிணறுகளில் மாதிரி எடுக்கும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்தவன். அதனால் தண்ணீரைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உடல்நலம் பற்றிப் பேசும்போது, நான் மருத்துவர் இல்லை, ஆய்வுகளைப் படித்தவன் மட்டுமே என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பென்சில்வேனியாவில் எரிவாயு எடுப்பது மார்செல்லஸ் என்ற கரிய களிப்பாறையிலிருந்து, ஷேல் என்பது இந்த வகைப் பாறைதான். ஏறத்தாழ 39 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டானது, இப்போது பல இடங்களில் ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. வாயு அதன் நுண்துளைகளுக்குள் அடைபட்டிருக்கிறது, துளை போட்டால் மட்டும் வெளியே வராது. அதனால் கீழே வரை துளைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் திருப்பி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாறைக்குள்ளேயே ஓட்டி, தண்ணீரையும் மணலையும் ரசாயனத்தையும் பயங்கர அழுத்தத்தில் செலுத்தி விரிசல் உண்டாக்குகிறார்கள், ஃபிராக்கிங் என்பது இதுதான். மணல் அந்த விரிசல் மூடிவிடாமல் தாங்கிப் பிடிக்கும். டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் 1990-களின் கடைசியில் இந்த நீர் முறையைப் படியவைத்தது, 2004-க்குப் பிறகு அது மார்செல்லஸுக்கு வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் கிணறு ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் தண்ணீர் போனது, இப்போது கிணறுகள் நீண்டுவிட்டதால் அதைவிட அதிகம். 1.8 கோடி லிட்டர் என்று வைத்தால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 1,500 லோடு. "ரசாயனம் அரை சதவீதம்தான்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த அரை சதவீதம் என்பது 90,000 லிட்டர்.

சரி, அவ்வளவு ஆழத்தில் உண்டாக்கிய விரிசல் மேலே குடிநீர் வரை ஏறி வருமா? வீட்டுக் கிணறுகள் பொதுவாக நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். விரிசல்கள் எவ்வளவு உயரம் வளர்கின்றன என்பதை நுண் அதிர்வுகளை வைத்து ஆயிரக்கணக்கான இடங்களில் அளந்திருக்கிறார்கள். பெரும்பாலானவை நூறு இருநூறு மீட்டரிலேயே நின்றுவிடுகின்றன, அந்தத் தொகுப்பில் மிக உயரமானதே 600 மீட்டருக்குள்தான். மேலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருக்கிற இடத்தில் விரிசல் வழியாக ரசாயனம் குடிநீருக்கு வருவது என்பது நடைமுறையில் இல்லாத விஷயம். இதை நான் உறுதியாகவே சொல்வேன். ஆனால் எல்லா ஊரும் மார்செல்லஸ் இல்லை. வயோமிங் மாநிலத்தின் பவில்லியனில், அது ஷேல்கூட இல்லை, இறுகிய மணற்பாறை, வெறும் 322 மீட்டர் ஆழத்திலேயே உடைத்திருக்கிறார்கள். அங்கே குடிநீர்க் கிணறுகளே 240 மீட்டர் வரை போகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் என் முந்தைய வாக்கியம் செல்லாது.

அப்படியானால் குழாயில் எரிவது என்ன? மீத்தேன். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை, குடித்தால் விஷமும் இல்லை. தண்ணீரில் கரைந்து வந்து, குழாயைத் திறந்ததும் பிரிந்து, மூடிய இடத்தில் சேர்ந்தால் எரியும், வெடிக்கும். மாதிரி எடுக்கப் போகும்போது இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதலில் கிணற்றில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் போகும்வரை மோட்டாரை ஓடவிட வேண்டும், வடிகட்டிக்கும் மென்னீராக்கிக்கும் முன்னால் உள்ள குழாயில் பிடிக்க வேண்டும். மீத்தேன் அதிகமிருந்தால், திறந்த சோடா பாட்டில் மாதிரி தண்ணீர் பொங்கி, பால் நிறத்தில் வெளுத்து வந்து, அரை நிமிடத்தில் அடியிலிருந்து தெளியும். பாட்டிலுக்குள் ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்கக் கூடாது, தங்கினால் வாயு அதற்குள் ஓடிவிடும், ஆய்வகம் குறைவான எண்ணைச் சொல்லும். அவசரமாகப் பிடித்த மாதிரிகளில் இந்தத் தவறு நிறைய நடக்கும், அதனால் ஒரே ஒரு சோதனை முடிவை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் கூடாது, பதறவும் கூடாது.

அந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது என்பதுதான் சண்டையே. சதுப்பிலும் ஆழமில்லாத நிலக்கரிப் படிவத்திலும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் மீத்தேன் உண்டு. பல கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்தால் வெந்து உண்டாகும் மீத்தேன் வேறு. கார்பனின் ஐசோடோப்பு விகிதமும் (கனமான கார்பன் அணுவும் லேசான கார்பன் அணுவும் கலந்திருக்கும் அளவு), கூடவே ஈத்தேன் இருக்கிறதா என்பதும் இரண்டையும் பிரித்துக் காட்டும். நீங்கள் பார்த்தது கொலராடோவில் எடுத்த அந்தப் பிரபலமான காட்சி என்றால், மாநில எண்ணெய்-எரிவாயு ஆணையம் அந்தப் பகுதியில் பேசப்பட்ட மூன்று கிணறுகளைச் சோதித்தது. இரண்டில் இருந்தது நுண்ணுயிரி மீத்தேன், கம்பெனிக்குத் தொடர்பில்லை என்றது. மூன்றாவதில் இரண்டும் கலந்திருந்தன. ஆக அந்த வீடியோ நாடகமில்லை, தீ உண்மையான தீதான், ஆனால் அது ஃபிராக்கிங்குக்குச் சாட்சி சொல்லாது. பென்சில்வேனியாவிலும் எரிவாயுக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே மீத்தேன் கலந்த கிணறுகள் இருந்தன.

இதோடு நிறுத்திவிட்டால் கம்பெனி விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதே மாநிலத்தில், சஸ்குவெஹானா மாவட்டத்தின் டிமோக் என்ற சிற்றூரில், 2009 ஜனவரி 1 அன்று ஒரு வீட்டுக் கிணற்றின் கான்கிரீட் மூடி வெடித்துச் சிதறியது. சுற்றியிருந்த பல வீடுகளின் கிணறுகளில் மீத்தேன் ஏறியிருந்தது. தங்கள் எரிவாயுக் கிணறுகளில் கோளாறு இல்லை, மீத்தேன் இயற்கையாகவே இருந்தது என்று அங்கே எரிவாயு எடுத்த கேபட் நிறுவனம் நெடுங்காலம் சொல்லிவந்தது. கேபட்டின் வாரிசான கோட்டெரா, 2022 நவம்பரில் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர 1.6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. வெடிப்புக்கும் இதற்கும் நடுவில் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள். அந்த மக்கள் அதுவரை பாட்டில் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் குடித்தனம் நடத்தினார்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தக் காலதாமதம்தான்.

டிமோக்கில் என்ன ஆனது என்பதை டியூக் பல்கலைக்கழகத்தார் இரண்டு படியாகக் காட்டினார்கள். 2011-ல் வந்த முதல் ஆய்வில், எரிவாயுக் கிணறுகள் இயங்கும் இடங்களில் குடிநீரின் மீத்தேன் சராசரி லிட்டருக்கு 19 மில்லிகிராம், மற்ற இடங்களில் 1 மில்லிகிராம் சொச்சம். ஃபிராக்கிங் திரவம் கலந்ததற்கான அடையாளம் மட்டும் எங்கேயும் இல்லை. 2014-ல் ஹீலியம், நியான் போன்ற மந்த வாயுக்களை வைத்துத் தடம் பிடித்தபோது, பாதிப்பு வந்த இடங்களில் வாயு விரிசல் வழியாக ஏறவில்லை, எரிவாயுக் கிணற்றின் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாயில் உள்ள ஓட்டை வழியாகவும், குழாயைச் சுற்றிப் போட்ட சிமென்ட் சரியாகப் பிடிக்காத இடைவெளி வழியாகவும் ஏறியது என்று தெரிந்தது. நிலத்தடியில் துளை போட்டால், அந்தத் துளை எல்லா நீர்ப்படுகைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டுதான் கீழே போகும். குழாயைச் சுற்றியுள்ள அந்தக் குறுகிய இடைவெளியை அடைக்கும் சிமென்ட்தான் மொத்தப் பாதுகாப்பும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி இன்கிராஃபியா குழு 2000 முதல் 2012 வரை தோண்டிய 41,000-க்கும் மேற்பட்ட பென்சில்வேனியக் கிணறுகளின் பரிசோதனை அறிக்கைகளைப் பார்த்தது. மாநில அளவில் ஷேல் கிணறுகளில் சிமென்ட், கேசிங் கோளாறு பதிவானது, வழக்கமான கிணறுகளைப்போல் ஆறு மடங்கு. போதாததற்கு, 1859-ல் எட்வின் டிரேக் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டிய மாநிலம் அது. மூடாமல் கைவிடப்பட்ட பழங்கிணறுகள் காட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் லட்சக்கணக்கில் கிடக்கின்றன, பல வரைபடத்திலேயே இல்லை. வாயு ஏறிவர அவையும் வழிதான்.

தண்ணீருக்கு இதைவிடப் பெரிய தலைவலி, கிணற்றிலிருந்து திரும்பி வரும் கழிவுநீர். எல்லோரும் உள்ளே போகிற ரசாயனத்தைப் பற்றியே பேசுகிறார்கள், வெளியே வருவதை யாரும் கேட்பதில்லை. மார்செல்லஸில் செலுத்திய தண்ணீரில் சிறு பகுதிதான் திரும்பும், ஆனால் அது பழைய கடலின் உப்பை வாரிக்கொண்டு வரும், கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பாக, கூடவே புரோமைடு, பேரியம், கதிரியக்கமுள்ள ரேடியம். ஆரம்பத்தில் இதைச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு லாரியில் அனுப்பி, அங்கிருந்து ஆற்றில் விட்டார்கள். அந்த நிலையங்களால் உப்பைப் பிரிக்க முடியாது. ஆற்றில் ஏறிய புரோமைடு, கீழே உள்ள ஊர்களின் குடிநீர் நிலையத்தில் குளோரினோடு சேர்ந்து, புற்றுநோய் அபாயமுள்ள டிரைஹாலோமீத்தேன்களாக மாறுகிறது. 2011 மே மாதம் மாநில அரசு கேட்டுக்கொண்ட பிறகுதான் அது பெருமளவு நின்றது. பிளாக்லிக் ஓடையில், உப்புநீர்க் கழிவைச் சுத்திகரித்த ஓர் ஆலையின் வடிகால் வந்து சேரும் இடத்து வண்டலில், ஓடையின் அதற்கு மேற்பட்ட பகுதியைவிட சுமார் 200 மடங்கு ரேடியம் இருந்ததை 2013-ல் அளந்து சொன்னார்கள். தண்ணீரை விடுவதை நிறுத்தலாம், வண்டலில் படிந்தது அங்கேயேதான் இருக்கும்.

ஆற்றில் விடக் கூடாது என்றதும் அந்தக் கழிவு பக்கத்து ஒஹாயோவுக்குப் போனது, ஆழ்கிணறுகளில் செலுத்திப் புதைக்க. யங்ஸ்டவுன் நகரில் அப்படி ஒரு கிணறு, அதற்கு முன் நிலநடுக்கமே பதிவாகாத ஊரில், 2011 டிசம்பர் 31 அன்று ரிக்டர் 4 அளவுக்கு ஆட்டிவிட்டது. இதன் பெரிய உருவம் ஓக்லஹோமா. அங்கே 2009-க்கு முன் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தடவைதான் ரிக்டர் 3-க்கு மேல் அதிரும். 2015-ல் மட்டும் 900 தடவை. 2016 செப்டம்பரில் பானீ அருகே 5.8. இங்கேயும் காரணம் விரிசல் போடுவது அல்ல, எண்ணெயோடு கிடைக்கும் உப்புநீரை அர்பக்கிள் என்ற ஆழ்படிவத்தில் கோடிக்கணக்கான பீப்பாயாகச் செலுத்தியது, அதன் அழுத்தம் கீழே உறங்கிக் கிடந்த பிளவுகளை நழுவவிட்டது. 2016-ல் செலுத்தும் அளவை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார்கள், அதிர்வுகளும் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தன. மனிதன் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விரிசல் போடும் வேலையே நேரடியாக அதிரவைத்த இடங்களும் உண்டு. இங்கிலாந்தின் பிளாக்பூல் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் 2.9 அளவு அதிர்வு வந்து, அந்த நவம்பரிலேயே அரசு தடை போட்டது.

காற்றைப் பற்றி இரண்டு விஷயம். எரிவாயுவை எரித்தால் மின்சாரத்துக்கு நிலக்கரி விடும் கார்பன் டை ஆக்ஸைடில் பாதிதான் வரும், அமெரிக்க மின்நிலையங்களின் புகை குறைந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் எரிக்காமல் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்ஸைடைப்போல் 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். 2018-ல் வந்த தேசிய அளவிலான ஆய்வு, உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிகிறது என்றது, அரசின் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம். மூன்று சதவீதத்தைத் தாண்டினால் நிலக்கரியை விட்டு வாயுவுக்கு வந்ததில் உடனடி லாபமே இல்லை என்பது ஒரு கணக்கு. டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையின் பெர்மியன் படுகையில் செயற்கைக்கோள் அளந்த கசிவு 3.7 சதவீதம். ஆக "நிலக்கரியைவிடச் சுத்தம்" என்பது எந்த ஊர், எவ்வளவு கசிவு என்பதைப் பொறுத்தது.

உடல்நலத்தில், பிறந்த குழந்தைகளின் எடை பற்றிய சான்று எனக்கு வலுவாகத் தெரிகிறது. பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை நடந்த 11 லட்சம் பிரசவங்களைப் பார்த்த ஆய்வில், எரிவாயுக் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த தாய்மாருக்குக் குறைந்த எடைக் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தண்ணீரா, டீசல் புகையா, சத்தமா, எது காரணம் என்பதை அந்த ஆய்வால் பிரிக்க முடியவில்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஆய்வுகளே ஒன்றோடொன்று மோதுகின்றன. 2022-ல் யேல் பல்கலைக்கழக ஆய்வு தொடர்பு இருப்பதாகச் சொன்னது. 2023-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அதைக் காணவில்லை, ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் ஆஸ்துமாவிலும் தொடர்பைக் கண்டது. இந்த இடத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், எந்தப் பக்கத்தில் இருந்தாலும்.

தண்ணீரிலும் தீராத சர்ச்சை உண்டு. டியூக் ஆய்வுக்கு எதிராக, ஒரு நிறுவனம் தோண்டுவதற்கு முன் எடுத்த 11,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளை வைத்து, மீத்தேனுக்கும் எரிவாயுக் கிணற்றின் தூரத்துக்கும் தொடர்பில்லை என்று 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. மாநிலம் முழுக்கச் சராசரி எடுத்தால் தொடர்பு தெரியாமலும், கோளாறான கிணற்றைச் சுற்றிப் பார்த்தால் பளிச்சென்று தெரியவும் வாய்ப்பிருப்பதால் இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம் என்பது என் கருத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் இதில் தடுமாறியது. 2015 வரைவில் "பரவலான பாதிப்புக்குச் சான்று இல்லை" என்று எழுதி, 2016 இறுதி அறிக்கையில் அந்த வரியை எடுத்துவிட்டு, சில சூழ்நிலைகளில் பாதிக்கும், நாடு முழுக்க எவ்வளவு என்று சொல்லத் தரவு போதாது என்றது. தரவு ஏன் போதவில்லை என்றால், பெரும்பாலான இடங்களில் தோண்டுவதற்கு முன் யாரும் தண்ணீரைச் சோதிக்கவே இல்லை. 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் ஃபிராக்கிங்கைக் கூட்டாட்சி அரசின் குடிநீர்ப் பாதுகாப்பு விதியிலிருந்து விலக்கிவைத்ததும் இதோடு சேர்ந்துகொண்டது.

பதிலைப் படிக்கும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. மன்னார்குடியில் எதிர்த்தது நிலக்கரிப் படிவ மீத்தேன், அதில் தண்ணீரை உள்ளே செலுத்துவதைவிட நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளுவதுதான் முதல் ஆபத்து. 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தது வழக்கமான எண்ணெய்க் கிணற்றின் விவகாரம். மத்திய அரசின் 2013 ஷேல் கொள்கையில் காவிரிப் படுகையும் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், மண்டலத்துக்குள் புதிதாக ஷேல் வாயு எடுப்பதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. பென்சில்வேனியக் கணக்கை அப்படியே தஞ்சாவூருக்குப் பொருத்த முடியாது, பாறையும் வேறு, மக்கள் நெருக்கமும் வேறு.

இனி உங்கள் தம்பிக்கு. வீட்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கையெழுத்துப் போடும் முன் மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்: மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, புரோமைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், அப்புறம் கூடவே ஆர்செனிக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியாவும், ஏனென்றால் பென்சில்வேனியாவின் வீட்டுக் கிணறுகளில் இவற்றுக்கு எரிவாயுவே தேவையில்லை. மீத்தேன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அவ்வப்போது பார்த்தால் போதும், 10-க்கும் 28-க்கும் நடுவில் என்றால் கவனமாகக் கண்காணிக்க வேண்டும், 28-ஐத் தாண்டினால் உடனே கிணற்று மூடிக்குக் காற்றுப்போக்கிக் குழாய் வைத்து, தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரிக்கும் தொட்டியும் போட வேண்டும். தம்பி மனைவி கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தாலோ, அரை கிலோமீட்டர் என்பதை நானாக இருந்தால் யோசிப்பேன். பத்திரத்தில் நிலத்தடிக் கனிம உரிமை வீட்டோடு வருகிறதா என்பதையும் வக்கீலிடம் கேட்கட்டும், அங்கே அது பெரும்பாலும் பல தலைமுறைக்கு முன்பே பிரித்து விற்கப்பட்டிருக்கும். விற்பவரிடம், பக்கத்துக் கிணறு தோண்டும் முன் கம்பெனி எடுத்த சோதனை அறிக்கையின் நகலைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். 2012-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம், எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், தோண்டிய 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால், கம்பெனிதான் கெடுத்தது என்று எடுத்துக்கொண்டு, இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பை அதன் தலையில்தான் வைக்கிறது. அதனால்தான் கம்பெனிகள் முன்கூட்டியே சோதனை எடுத்து வைத்துக்கொள்கின்றன. அரை கிலோமீட்டர் என்றால் 1,640 அடி, எல்லைக்குள்தான், ஆனால் அந்தக் கிணறு எப்போதோ தோண்டியது என்றால் அந்த 12 மாதம் முடிந்திருக்கும். அதே தளத்தில் இன்னும் சில கிணறுகள் தோண்ட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பது மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், முகவரியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வக அறிக்கை வந்ததும் எண்களை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.